எடுபிடி வேலையும் அமானிதமும்

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கரையோரத்தில், வெளிவேலைகளைச் செய்து முடிக்க ஆள் இல்லாத வீடுகள் நம் சமுதாயத்தில் பெருகி வருகின்றன. மகன் துபாயிலோ ரியாத்திலோ இருக்கிறார். மருமகள் கைக்குழந்தையோடு இருக்கிறார். மூட்டு வலியால் படியிறங்க இயலாத தாயாருக்கு மாதந்தோறும் ஸ்டான்லி மருத்துவமனையிலிருந்து சர்க்கரை மாத்திரை வந்தாக வேண்டும். எண்ணூரிலும் மணலியிலும் ஷிப்டு வேலை பார்க்கும் குடும்பத் தலைவருக்குத் தாலுகா அலுவலகம் திறந்திருக்கும் நேரமே வேலை நேரமாகவும் அமைந்துவிடுகிறது. கணவரை இழந்து இத்தாவில் இருக்கும் சகோதரியின் நிலை இன்னும் கடினமானது. தேவைக்காகப் பகலில் வெளியே செல்ல மார்க்கம் இடமளிக்கிறது என்றாலும், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, ஓய்வூதியம் ஆகிய அத்தனை அலைச்சலும் அந்த நான்கு மாதம் பத்து நாட்களுக்குள்தான் வந்து குவிகின்றன.

இவற்றையெல்லாம் இன்று யார் செய்கிறார்கள்? ஒவ்வொரு தெருவிலும் ஓர் இளைஞர் இருக்கிறார். படிப்பு பாதியில் நின்றவராகவோ, வேலை தேடிக்கொண்டிருப்பவராகவோ இருப்பார். “தம்பி, அப்படியே இதையும் வாங்கிட்டு வந்துடுப்பா” என்று ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு குரல் வரும். வேலை முடிந்ததும் இருபது ரூபாய் கையில் திணிக்கப்படும். சில வீடுகளில் துஆ மட்டும் கிடைக்கும். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் எடுபிடி வேலை. அந்தச் சொல்லிலேயே ஓர் ஏளனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த வேலை நேர்மையான ஒரு தொழிலாக மாற வேண்டும் என்பதே நம் கருத்து. செய்பவர் கூலியை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். செய்விப்பவர் அதை முழுமையாகக் கொடுக்க வேண்டும். அந்தக் கூலிக்கு அப்பால் ஒரு ரூபாயும் மறைவாகக் கைமாறக் கூடாது. கூலி, அமானிதம் என்னும் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. உரிய கூலி கொடுக்கப்படாத இடத்தில்தான் அமானிதம் முதலில் பழுதுபடுகிறது.

மத்யன் நீர்நிலையில் கிடைத்த பாடம்

பிறருக்கு உதவுவது நன்மையான செயல், அதற்குக் கூலி கேட்டால் நன்மை போய்விடாதா என்று சிலர் கேட்கின்றனர். திருக்குர்ஆனின் 28ஆம் அத்தியாயம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. எகிப்திலிருந்து தப்பி, கையில் ஒன்றுமின்றி மத்யன் வந்து சேர்ந்த மூஸா (அலை) அவர்கள், அங்கே நீர்நிலையருகே இரண்டு பெண்கள் தம் ஆடுகளைத் தடுத்து நிறுத்திக்கொண்டு ஒதுங்கி நிற்பதைக் கண்டார்கள். தந்தை முதியவர், வெளிவேலைக்கு வேறு ஆள் இல்லை. மூஸா (அலை) அவர்கள் அவ்விருவருக்காக ஆடுகளுக்கு நீர் புகட்டிவிட்டு, ஒன்றும் கேட்காமல் நிழலில் ஒதுங்கி, தம் தேவையை இறைவனிடம் மட்டுமே முறையிட்டார்கள்.

இதுவரை பலரும் அறிவர். அதன்பின் நடந்ததுதான் நம் கேள்விக்கு விடை. அம்முதியவர் அந்த உதவியை இலவசமாக வைத்துக்கொள்ளவில்லை. நீர் புகட்டியதற்குரிய கூலியை அளிப்பதற்காகத் தம் மகளை அனுப்பி அழைத்தார். பிறகு, பணியில் அமர்த்தத் தக்கவர் வலிமையும் நம்பகத்தன்மையும் உடையவரே என்று அம்மகள் பரிந்துரைத்தார். எட்டு ஆண்டுகள் என்ற தெளிவான கால வரையறையோடு ஓர் ஒப்பந்தமும் ஏற்பட்டது. செய்தவர் கேட்கவில்லை, பெற்றவர் கொடுக்காமல் விடவில்லை. உதவி, கூலி, ஒப்பந்தம் என அந்நிகழ்வு சென்ற பாதையில் எங்கும் இழிவு இல்லை. நம் தெருக்களிலோ இளைஞரிடம் மூஸா (அலை) அவர்களின் பொறுமையை எதிர்பார்க்கிறோம். அம்முதியவரின் நீதியை மறந்துவிடுகிறோம்.

கூலியாளிடம் வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுவதாக ஸஹீஹுல் புகாரியில் நபிமொழி உண்டு. கட்டடத் தொழிலாளியைப் பற்றிப் பேசும்போது இந்நபிமொழியை நினைவுகூரும் நாம், மருந்து வாங்கி வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் அதைப் பொருத்திப் பார்ப்பதில்லை.

ஐம்பது ரூபாயின் கணக்கு

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இராயபுரத்திலிருந்து திருவொற்றியூரில் ஓர் அரசு அலுவலகத்துக்கு இருசக்கர வண்டியில் சென்று, வரிசையில் நின்று, மனு ஒன்றைக் கொடுத்துத் திரும்புவதாகக் கொள்வோம். போக வர ஏறக்குறைய 16 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டி, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எரிபொருளுக்கு 36 ரூபாய் ஆகும். கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையையும், அலுவலகத்தில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டரை மணி நேரம் கழிந்துவிடும். இதற்கு 50 ரூபாய் கொடுத்தால், எரிபொருள் போக அவர் கையில் நிற்பது 14 ரூபாய். இரண்டரை மணி நேர உழைப்புக்கு 14 ரூபாய்!

மணிக்கு 80 ரூபாய் என்று மிதமாக வைத்தாலும் நேரத்துக்கு 200 ரூபாய். டயர், ஆயில், காப்பீடு ஆகிய தேய்மானங்களுக்கு 24 ரூபாய். எரிபொருள் 36 ரூபாய். ஆக, நியாயமான கூலி 260 ரூபாய் என்றாகிறது. ஒரு குடும்பத்துக்கு இது அதிகமாகத் தோன்றலாம். அதே பயணத்தில் மூன்று வீடுகளின் வேலையைச் சேர்த்து முடித்தால், ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனாலும் மொத்தச் செலவு 340 ரூபாய்தான்; வீட்டுக்கு ஏறத்தாழ 113 ரூபாய். வெளிவேலைத் தொழிலின் சூட்சுமம் இப்படி வேலைகளைத் தொகுப்பதில்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை திருவொற்றியூர்ப் பக்கம், புதன்கிழமை மண்ணடி, கடற்கரைப் பக்கம் என்று நாள் வகுத்து முன்கூட்டியே அறிவித்தால், கூலியும் குறையும்; செய்பவருக்கும் கட்டுப்படியாகும். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோவும், எண்ணூர் வழியாகச் செல்லும் புறநகர் ரயிலும் இருப்பதால், கையில் எடுத்துச் செல்லக்கூடிய காகித வேலைகளுக்கு வண்டிகூடத் தேவையில்லை.

உர்வா (ரலி) அவர்கள் கொண்டுவந்த ஆடும் தீனாரும்

குறைந்த கூலியின் விளைவு வேறு வழியில் வெளிப்படுகிறது. வாங்கச் சொன்ன பொருளின் விலையில் பத்து ரூபாய் கூட்டிச் சொல்வது, கடைக்காரர் தரும் தள்ளுபடியைத் தாமே வைத்துக்கொள்வது, “நம்மிடமே கொண்டுவா” என்று சொல்லும் பரிசோதனைக் கூடத்திடமிருந்து ஆளுக்கு இவ்வளவு என்று பெறுவது ஆகியவை அவ்வழிகள். செய்பவரும் இதைத் தவறாக எண்ணுவதில்லை. ‘கூலி தரவில்லை, ஆகவே எடுத்துக்கொண்டேன்’ என்று மனம் சமாதானம் சொல்லிவிடுகிறது.

இந்நோய் சென்னைத் துறைமுகத்துக்குப் புதிதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் மதராஸ் வணிகர்களுக்கும் கம்பெனிக்கும் இடையே நின்று வாங்கி விற்றுக் கொடுத்தவர்கள் துபாஷிகள். ஒவ்வொரு பரிமாற்றத்திலும் இடைத்தரகர்கள் எடுத்துக்கொண்ட பங்குக்குத் தஸ்தூரி என்று பெயர். வழக்கம் என்று பொருள்படும் ‘தஸ்தூர்’ என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. வழக்கமாகிவிட்டதால் அது குற்றமாகக் கருதப்படவில்லை. ஆனால் பழகிப்போனது என்பதால் மட்டும் ஒரு செயல் ஹலாலாகிவிடுவதில்லை.

மார்க்கச் சட்டத்தில், பிறருக்காக ஒரு பொருளை வாங்கச் செல்பவர் அவருடைய வக்கீல், அதாவது பிரதிநிதி ஆவார். அவர் கையில் உள்ள பணம் அமானிதம். இதற்கு நபிவாழ்வில் அழகிய முன்மாதிரி உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உர்வா அல்பாரிக்கீ (ரலி) அவர்களிடம் ஒரு தீனாரைக் கொடுத்து ஓர் ஆடு வாங்கிவரப் பணித்தார்கள். அவர் அந்தத் தீனாருக்கு இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டுவந்து ஒப்படைத்தார். திறமை அவருடையது, பேரம் பேசியவரும் அவரே. ஆயினும் ஈட்டிய இலாபத்தை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அவருடைய வணிகத்தில் பரக்கத் உண்டாக நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். இதுவும் புகாரியில் இடம்பெற்ற செய்தியே.

மற்றொரு நிகழ்வும் நோக்கத்தக்கது. ஸக்காத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பிவந்து, இது உங்களுடையது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்தபோது நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டார்கள். தம் பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. மருந்துக் கடையோ பரிசோதனைக் கூடமோ தரும் ‘அன்பளிப்பை’ இந்தக் கேள்வியால் உரசிப் பார்த்தால் விடை தானாகத் தெரிந்துவிடும். தள்ளுபடி பணம் கொடுத்தவருக்கே உரியது. அவர் அறிந்து, மனமுவந்து விட்டுக்கொடுத்தால் மட்டுமே செய்பவர் அதை எடுத்துக்கொள்ளலாம்.

தொழிலாக நடத்துவோருக்குச் சில நெறிகள்

கூலியை வேலைக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். “பார்த்துக் கொடுங்கள்” என்பது பணிவாகத் தோன்றினாலும் இருதரப்புக்கும் மனக்குறையை விதைக்கும் சொல். காத்திருக்கும் நேரம் கூடினால் எவ்வளவு, வேலை முடியாமல் திரும்ப நேர்ந்தால் எவ்வளவு என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். அலுவலர் வரவில்லை, சர்வர் இயங்கவில்லை என்று திரும்பிவரும் நாட்கள் இத்தொழிலில் ஏராளம்.

இரண்டு பணப்பைகள் வேண்டும். ஒன்று பிறருடைய பணத்துக்கு, மற்றொன்று தம்முடையதற்கு. யுபிஐ வழியாகப் பெறுவோர் இதற்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்வது நலம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியதே என்பதை நினைவில் கொண்டு, பெற்ற தொகை, செலவு, மீதி, கூலி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, பில்லோடு சேர்த்து ஒப்படைக்க வேண்டும். ஸக்காத் கணக்கிடும்போது பிறருடைய அமானிதப் பணத்தைத் தம் சொத்தோடு சேர்க்க வேண்டியதில்லை. அதைத் தனியே வைத்திருந்தால்தான் அந்தக் கணக்கும் தெளிவாகும். பொருள் வழியில் சேதமுற்றால், கவனக்குறைவோ வரம்பு மீறலோ இல்லாதவரை பிரதிநிதி ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் அல்லர் என்பது மார்க்கச் சட்ட அறிஞர்களின் பொதுவான நிலைப்பாடு. இதையும் தொடக்கத்திலேயே பேசிவிட்டால் பின்னர் பிணக்கு இராது.

ஏடிஎம் அட்டையையும் அதன் இரகசிய எண்ணையும் யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. வயதான பெண்மணி நம்பிக்கையோடு நீட்டுவார். ஆனால் பின்னொரு நாள் அவர் கணக்கில் எவரோ கைவைத்தால் பழி முதலில் இந்த இளைஞர் மீதே விழும். ஆதார் நகல் பெற்றால், எந்த வேலைக்கு என்பதை அதன் மீதே எழுதி, வேலை முடிந்ததும் மீதி நகல்களைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத பொட்டலத்தை எடுத்துச் செல்லக் கூடாது. மண்ணடியிலும் பர்மா பஜாரிலும் ‘குருவி’ என்ற சொல்லின் பொருள் அறியாதவர் இல்லை. ஐந்நூறு ரூபாய்க்குப் பிறர் சரக்கைச் சுமந்தவர் வழக்கில் சிக்கிக்கொள்ள, சரக்குக்கு உரியவர் வெளியே நின்ற கதைகள் நம் பகுதியில் சொல்லக் கேட்டவையே. பிரித்துக் காட்டாத பொட்டலத்தை மறுப்பது அவமரியாதை ஆகாது. மதுக்கடைக்குச் சென்றுவரச் சொன்னாலும் தயங்காமல் மறுத்துவிட வேண்டும். அந்தக் கூலியில் பரக்கத் இராது.

பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளில் ஆண்கள் வாசலோடு நின்றுவிடுவது மார்க்க ஒழுக்கம். மருத்துவமனைக்கு உடன்செல்வது, முதிய தாய்மாரைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது போன்றவற்றைப் பெண்களே செய்வது சிறந்தது. நம் பகுதியில் விதவைச் சகோதரியர் பலர் ரமளானில் வரும் உதவிக்காகவே காத்திருக்கும் நிலையில் இருக்கின்றனர். ஸ்டான்லி மருத்துவமனையின் எந்த வாயிலில் எந்த வரிசை என்பதை ஆண்டுகளாக அலைந்து அறிந்திருக்கும் அவர்களின் அனுபவத்துக்கு ஒரு விலை உண்டு. அதற்குக் கூலி கிடைத்தால், மானத்தோடு வாழும் வழி ஒன்று அவர்களுக்குத் திறக்கும்.

அரசே வீட்டு வாசலில் தரும் சேவைக்குக் கூலி வாங்குவதும் நேர்மையாகாது. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்களை வீட்டுக்கே கொண்டுசேர்க்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. ஓய்வூதியர்களின் வாழ்நாள் சான்றைத் தபால்காரர் மூலம் வீட்டிலிருந்தபடியே பதியும் வசதியும் உண்டு. இவற்றைச் சொல்லி, “இதற்கு நான் தேவையில்லை, அம்மா” என்று கூறும் இளைஞரை அந்த வீடு என்றும் கைவிடாது.

சிறிதாக இருப்பதன் நன்மை

இத்தொழில் எப்படி வளர வேண்டும் என்று எண்ணுவோர் டன்ஸோவின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். பெங்களூரில் கபீர் பிஸ்வாஸ் என்பவரும் நண்பர்களும் பத்தாண்டுகளுக்கு முன் தொடங்கிய அந்நிறுவனம், முதலில் ஒரு வாட்ஸ்அப் குழுவாகவே இருந்தது. வாடிக்கையாளர் ஒரு வேலையைச் சொல்வார். இவர்கள் ஓடி முடிப்பார்கள். 2017இல் கூகுள் அதில் முதலீடு செய்தது. 2022 ஜனவரியில் ரிலையன்ஸ் ரீட்டெய்ல் 20 கோடி டாலர் கொடுத்து 25.8 சதவீதப் பங்கை வாங்கியது. சென்னை உட்படப் பல நகரங்களில் அதன் சேவை நடந்தது. பிறர் வேலையைச் செய்து கொடுப்பதை விட்டு, தானே கிடங்குகள் வைத்துச் சில நிமிடங்களில் மளிகை தரும் போட்டியில் இறங்கியபின் இழப்பு பெருகியது. ஊழியர்களின் சம்பளம் தாமதமானது. 2025 ஜனவரியில் செயலியும் இணையத்தளமும் முடங்கின.

ஓட்டத்துக்கு ஆகும் செலவைவிடக் குறைந்த கட்டணத்தை வாங்கி, பற்றாக்குறையை முதலீட்டாளர் பணத்தால் நிரப்பும் முறை பெரும் நிறுவனத்தையே சாய்த்துவிட்டது. கடன் வாங்கித் தொடங்கும் இளைஞரை அது எத்தனை நாள் விட்டுவைக்கும்? நல்வாய்ப்பாக இத்தொழிலுக்கு வட்டிக் கடனே தேவையில்லை. ஒரு கைப்பேசி, ஒரு நோட்டு, ஏற்கெனவே இருக்கும் ஒரு வண்டி போதும். உத்யம் பதிவு அரசு இணையத்தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பணம் கேட்கும் தளங்களிடம் ஏமாற வேண்டாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 இலட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவும் வேண்டியதில்லை. சொந்த உபயோகத்துக்கென எடுத்த வண்டிக் காப்பீடு தொழில் உபயோகத்தையும் உள்ளடக்குமா என்பதை மட்டும் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரிய செயலிகளில் ஏற்கெனவே டெலிவரி வேலை பார்ப்போருக்காகத் தமிழக அரசு 2023இல் தனி நலவாரியம் அமைத்துள்ளது. தகுதியுடைய நம் இளைஞர்கள் அதில் பதிவு செய்துகொள்வது அவர்களின் உரிமை.

ஜமாஅத்துகளின் கடமை

ஒவ்வொரு மஹல்லாவிலும் நான்கைந்து இளைஞர்களையும் இரண்டு மூன்று சகோதரியரையும் பள்ளிவாசல் நிர்வாகம் அறிந்து பரிந்துரைக்கலாம். அவர்களின் கட்டணப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். கூலி கொடுக்க இயலாத ஏழை முதியோருக்காகப் பைத்துல்மாலிலிருந்து அந்தக் கூலியைச் செலுத்தலாம். அப்போது உதவி முதியவருக்குப் போய்ச் சேரும். உழைத்தவரும் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். ஏழைக்கு உதவுவதற்காக இன்னொரு ஏழையை இலவசமாக உழைக்க வைப்பது தர்மமாகாது. ஜும்ஆவின் பாங்கு ஒலித்தால் வணிகத்தை விட்டுவிட்டுத் தொழுகைக்கு விரைவதும், தொழுகை முடிந்தபின் பரவிச் சென்று இறையருளைத் தேடுவதும் நமக்கு இறைவன் வகுத்த ஒழுங்கு. வெள்ளிக்கிழமை நண்பகலில் ஓட்டத்தை நிறுத்துகிறேன் என்று சொல்லும் தொழிலாளருக்குத் துணைநிற்பதும் ஜமாஅத்தின் பொறுப்பே.

வெளிநாட்டில் இருக்கும் மகன்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதந்தோறும் வீட்டுக்கு அனுப்பும் தொகையில், தாயாரின் வெளிவேலைகளுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்குங்கள். உங்கள் இடத்தில் நின்று மருத்துவமனை வரிசையில் காத்திருப்பவர் யார் என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள். அவருக்குரிய கூலி ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்பதையும் விசாரியுங்கள்.

இனி நம் வாசலில் நிற்கும் இளைஞரிடம் வேலையைச் சொல்லும்போது, “இதற்கு எவ்வளவு, தம்பி?” என்ற கேள்வியும் சேர்ந்தே வரட்டும். அவரும் தயங்காமல் நியாயமான தொகையைச் சொல்லட்டும். வாங்கிவந்த பொருளோடு பில்லையும் மீதிச் சில்லறையையும் எண்ணி வைக்கட்டும். உர்வா (ரலி) அவர்களின் வணிகத்துக்குக் கிடைத்த பரக்கத்தை நம் பிள்ளைகளின் உழைப்புக்கும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.